இலாபம் எங்கே போனது? கடைக்காரர் கணக்குப் படிக்கத் தொடங்கும் வழி

திருகோணமலை நகரத்துக்குள் போட்டோக்கொப்பிக் கடை போட்ட முதல் வருடம் எனக்கு இலாபமா நட்டமா என்று இன்றைக்கும் தெரியாது. லாச்சியில் காசு இருந்தது, சனம் வந்துகொண்டிருந்தது, மெசின் காலையிலிருந்து இரவு வரை ஓடியது, ஆனால் மாதக் கடைசியில் கடை வாடகை கட்ட அக்காவிடம் கைமாற்று வாங்கினேன். இத்தனைக்கும் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு படித்தவன், கணக்கீட்டில் நல்ல பெறுபேறு வேறு. பரீட்சைக்குப் படித்த கணக்கும் லாச்சிக்குள் கிடந்த காசும் ஒருநாளும் சந்தித்துக்கொள்ளவில்லை.

ஆகவே இது பரீட்சைக்கான பாடம் இல்லை. சின்னக் கடை, தையல், நிலாவெளிப் பக்கம் இரண்டு அறை வாடகைக்கு விடுவது, கருவாட்டு வியாபாரம், புறாத்தீவுக்குப் படகு ஓட்டுவது என்று ஏதாவது ஒன்றைச் செய்துகொண்டு, இன்னொரு மெசின் எடுக்கலாமா, ஆள் வைக்கலாமா, விலையைக் குறைக்கலாமா என்பதையெல்லாம் மனக்கணக்கிலேயே முடிவெடுக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் பிழைவிட்டுப் படித்த வரிசைதான் இது. உங்களுக்கு வரிசை மாறலாம், ஆனால் முதல் இரண்டையும் மட்டும் தாண்டிக் குதிக்காதீர்கள்.

லாச்சியைப் பிரியுங்கள்

வீடும் கடையும் ஒரே லாச்சியில் இருந்தால் எந்தக் கணக்கும் நிற்காது. அம்மா மீன் வாங்கக் காசு கேட்பார், லாச்சியில் இருந்து ஆயிரம் போகும். செத்தவீட்டுக்குப் போக ஓட்டோக் காசு, பிள்ளையின் வகுப்புக் காசு, கோணேசர் கோயில் அர்ச்சனை எல்லாம் அதே லாச்சிதான். இவை எதுவும் கடைச் செலவு ஆகாது. கணக்கீட்டில் இதற்கு எடுப்பனவு என்று பெயர், அதாவது முதலாளி கடையில் இருந்து தனக்கென்று எடுத்துக்கொண்டது. எடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, எடுத்ததை எழுத வேண்டும். விற்க வைத்திருக்கும் கொப்பியில் இரண்டைச் சொந்தப் பிள்ளைக்குக் கொடுத்தாலும் அதன் கொள்விலை எடுப்பனவில் போகவேண்டும்.

வங்கியில் கடைக்கென்று தனிக்கணக்கு ஒன்று வையுங்கள். இன்னும் பதியாத கடை என்றால் முதலில் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள், அந்தப் பெயரிலேயே கணக்குத் திறக்கலாம். வீட்டுக்கு எடுப்பதை மாதத்தில் ஒரு திகதி, ஒரு தொகை என்று கட்டிப்போடுங்கள். அவசரத்துக்கு மேலதிகமாக எடுத்தால் ஒரு துண்டில் எழுதி லாச்சிக்குள்ளேயே போட்டுவிடுங்கள், இரவில் அந்தத் துண்டும் காசு மாதிரித்தான். முதல் மாதம் அந்தத் துண்டுகளைக் கூட்டிப் பார்த்தபோது எனக்கு வேர்த்துவிட்டது.

ஒரு சீ.ஆர். கொப்பி போதும்

கணினி, செயலி எல்லாம் பிறகு பார்க்கலாம். ஒரு சீ.ஆர். கொப்பியில் இடப்பக்கம் வந்தது, வலப்பக்கம் போனது. இதுதான் காசேடு. ஒவ்வொரு வரியிலும் திகதி, எதற்கு, எவ்வளவு. கடை பூட்டும் முன் ஒரு சின்னக் கணக்கு: காலை மீதி 5,000, வந்தது 18,400, போனது 11,250, அப்படியானால் லாச்சியில் 12,150 இருக்கவேண்டும். எண்ணினால் 11,900. குறைவு 250.

இந்த 250 ரூபாவில்தான் பெரும்பாலானோர் பிழைவிடுகிறார்கள். சொந்தப் பையில் இருந்து 250 ரூபாவைப் போட்டு நிரவிவிடுவார்கள், அல்லது செலவுப் பக்கத்தில் தேநீர் என்று எழுதிவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள், காசுக் குறைவு 250 என்று அப்படியே எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து அந்தக் குறைவுகளை மட்டும் எடுத்துப் பார்த்தால் அது எந்த நாளில், யார் லாச்சியில் நிற்கும் நேரத்தில் வருகிறது என்று தெரியும். என் கடையில் அது திருட்டு இல்லை. பின்னேரம் வகுப்பு விடும் நேரத்துச் சனநெருக்கடியில் மிச்சக்காசு கூடக் கொடுத்தது நானேதான்.

வங்கிக் கணக்குக்கும் இதேபோல் ஒரு பக்கம் வைத்து, மாதம் ஒருமுறை வங்கிக் கூற்றுடன் ஒப்பிடுங்கள். வங்கி வெட்டும் கட்டணம், இன்னும் காசாக மாறாத காசோலை இரண்டும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கடன் கொப்பி

இலங்கையில் கடை நடத்துவது என்றால் பாதி வியாபாரம் கடனில்தான். எனக்குப் பெரிய வாடிக்கையாளர்கள் தனியார் வகுப்பு நடத்தும் ஆசிரியர்கள். டியூட், அதாவது வகுப்பில் கொடுக்கும் பாடக்குறிப்பு, அடிக்கக் கொடுப்பார்கள், அவசரம் என்பார்கள், மாதக் கடைசியில் தருகிறேன் என்பார்கள். "சேர், போன மாதக் காசு..." என்று இழுத்தால் "தம்பி, பிள்ளைகளிட்ட இன்னும் சேரேல்ல" என்பார். படிப்பித்த ஆசிரியரிடம் எப்படிக் கடுமையாகக் கேட்பது?

ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி எழுதுங்கள். மாதக் கடைசியில் அதை நான்காகப் பிரியுங்கள்: 30 நாளுக்குள், 60 நாளுக்குள், 90 நாளுக்குள், அதற்கும் மேல். மொத்தக் கடன் எவ்வளவு என்பதைவிட அது எத்தனை நாள் பழையது என்பதுதான் முக்கியம். 90 நாளைத் தாண்டியது திரும்பி வரும் என்று நம்பி மெசின் வாங்கப் போகாதீர்கள்.

இதே கொப்பியின் மறுமுனையில் நீங்கள் கொடுக்கவேண்டியதை எழுதுங்கள். கொழும்பு மொத்த வியாபாரி பின்திகதியிட்ட காசோலைக்குச் சாமான் தருவார். அந்தத் திகதிகளை நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். எனக்கு ஒரு தடவை காசோலை திரும்பியது, அதன்பின் ஆறு மாதம் அந்த ஆள் காசு கையில் தந்தால்தான் சாமான் என்று நின்றுகொண்டார். தவறு முழுக்க என்னுடையதுதான், ஒரே கிழமையில் இரண்டு காசோலைக்குத் திகதி போட்டிருக்கிறேன்.

வரவு, செலவு என்ற குழப்பம்

இரட்டைப் பதிவு என்றதும் பயந்து ஓடவேண்டாம். ஓடுவதென்றால் சொற்குழப்பத்துக்காக ஓடலாம், அதில் நியாயம் இருக்கிறது. நம்முடைய பாடத்திட்டத்தில் டெபிட்டுக்கு வரவு, கிரெடிட்டுக்குச் செலவு. தமிழ்நாட்டு வீடியோக்களில் டெபிட்டுக்குப் பற்று, கிரெடிட்டுக்கு வரவு. அதாவது ஒரே சொல் கடலைத் தாண்டினால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. யூடியூப்பில் படிப்பதென்றால் முதல் வேலையாக ஆள் எந்த ஊர் என்று பாருங்கள். போதாக்குறைக்கு வங்கிக் கூற்றில் உங்கள் வைப்பு கிரெடிட் பக்கத்தில் இருக்கும், ஏனென்றால் அது வங்கியின் புத்தகம், உங்கள் காசு அவர்கள் உங்களுக்குத் தரவேண்டிய கடன்.

உள்ளே இருக்கும் விசயம் எளிது. கடையிடம் இருக்கும் சொத்துகள் எல்லாம் யாரோ ஒருவர் கொடுத்த காசில் வந்தவை: ஒன்று கடன் தந்தவர், மற்றது நீங்கள். நான் கையிருப்பு 400,000 போட்டேன், வங்கிக் கடன் 300,000 எடுத்தேன். அந்த 700,000 ரூபாவும் மெசினாக 480,000, சாமானாக 150,000, காசாக 70,000 என்று மாறி நின்றது. எந்தக் கொடுக்கல் வாங்கலும் இந்தச் சமநிலையில் இரண்டு இடத்தைத் தொடும், அதனால்தான் இரட்டைப் பதிவு. இதை ஒரு தாளில் எழுதினால் நிதிநிலைமைக் கூற்று, அப்பா காலத்து ஆட்கள் ஐந்தொகை என்பார்கள். வெனிஸ் துறைமுக வியாபாரிகள் ஏற்கெனவே பாவித்துக்கொண்டிருந்த முறையை 1494 இல் லூக்கா பாசியோலி என்ற துறவி அச்சில் கொண்டுவந்தார். துறைமுக நகரத்துக் கடைக்காரருக்கு இது அப்படியொன்றும் அந்நியம் இல்லை.

மாதக் கணக்கு

இனி விசயத்துக்கு வருவோம். என் கடையின் ஒரு மாதத்தை இலக்கங்களை உருட்டித் தருகிறேன், பேனையை எடுத்துக்கொண்டு கூடவே வாருங்கள்.

போட்டோக்கொப்பி 20,000 பக்கம், பக்கம் 10 ரூபா, ஆக 200,000. கொப்பி பென்சில் விற்பனை 150,000. மொத்தம் 350,000. இதைப் பார்த்துத்தான் முன்பெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

விற்றதற்கு நேரடியாகப் போன செலவு: தாள் 500 கொண்ட பைக்கற் 1,500 ரூபா, தாளுக்கு 3 ரூபா, ஆக 60,000. டோனர், பாகங்கள் பக்கத்துக்கு 1.50, ஆக 30,000. கொப்பி பென்சிலுக்கு மாதத் தொடக்கத்தில் இருந்த சாமான் 140,000, வாங்கியது 130,000, கடைசியில் எண்ணியபோது மிஞ்சியது 155,000, ஆகவே விற்றுப்போனது 115,000. இந்த வரியில் நின்று கவனியுங்கள்: வாங்கிய 130,000 செலவு இல்லை, விற்றுப்போனதுதான் செலவு, மிச்சம் ராக்கையில் சொத்தாக இருக்கிறது. மூன்றும் சேர்ந்து 205,000. மொத்த இலாபம் 145,000.

அப்புறம் மற்றச் செலவுகள்: வாடகை 25,000, மின்சாரம் 12,000, தொலைபேசி போக்குவரத்து 5,000, கடன் வட்டி 4,000. உதவிக்கு நிற்கும் பிள்ளைக்குச் சம்பளம் 40,000, ஆனால் அத்துடன் முடியாது. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி பங்கு 12 வீதம் 4,800, நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் 1,200, ஆக 46,000. பிள்ளையின் சம்பளத்தில் வெட்டும் 8 வீதம் உங்கள் செலவு இல்லை, அது அவருடைய காசு, கட்டவேண்டிய பொறுப்பு மட்டும் உங்களுடையது. கடைசியாக மெசின். 480,000 கொடுத்து வாங்கியது நான்கு வருடம் ஓடும் என்று வைத்தால் மாதம் 10,000 தேய்கிறது. பெறுமானத்தேய்வு என்பது இதுதான். கையால் காசு போகாததால் பலர் எழுதுவதில்லை, நான்கு வருடம் கழித்து மெசின் படுக்கும்போதுதான் அந்தக் காசையெல்லாம் சாப்பிட்டுவிட்டோம் என்று தெரியும். எல்லாம் கூட்டினால் 102,000.

தேறிய இலாபம் 43,000. நான் சம்பளம் என்று நினைத்து எடுத்துக்கொண்டிருந்தது 60,000. அதாவது மாதாமாதம் 17,000 ரூபா மெசினையும் சாமானையும் கரைத்துச் சாப்பிட்டிருக்கிறேன்.

இலாபம் இருக்கிறது, காசைக் காணோம்

சரி, 43,000 இலாபம் என்றால் அந்தக் காசு எங்கே? இதற்குப் பதில் சொல்வது காசுப் பாய்ச்சல் கூற்று. 43,000 இல் தொடங்குங்கள். தேய்வு 10,000 கையால் போகாதது, திருப்பிக் கூட்டினால் 53,000. ராக்கையில் சாமான் 15,000 கூடியிருக்கிறது, அது காசாக வெளியே போனது, 38,000. வகுப்பு ஆசிரியர்களின் கடன் அந்த மாதம் 35,000 கூடியது, மிஞ்சுவது 3,000. வங்கிக் கடனின் முதலுக்கு, அதாவது வாங்கிய தொகைக்கு, 12,000 கட்டினேன், வட்டிதான் செலவு, முதலைக் கட்டுவது செலவாகாது, ஆனால் காசு போகிறது, மைனஸ் 9,000. அதற்குமேல் வீட்டுக்கு 60,000. மாதக் கடைசியில் காசு 69,000 குறைந்திருக்கும். அக்காவிடம் கைமாற்று வாங்கியது இதனால்தான்.

இந்த ஒரு பந்தியை உங்கள் கடை இலக்கங்களைப் போட்டு ஒருமுறை எழுதிப் பாருங்கள். வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

பக்கம் ஏழு ரூபாவுக்குத் தரமுடியுமா?

கணக்கு முடிவெடுக்க உதவும் என்று சொல்கிறார்களே, அது இப்படித்தான். ஒரு வகுப்பு நிலையம் மாதம் 10,000 பக்கம் தருகிறோம், 7 ரூபாவுக்கு அடிக்கமுடியுமா என்று கேட்டது. பழைய நான் என்ன செய்திருப்பேன்? மற்றச் செலவு 102,000 ஐ 20,000 பக்கத்தால் பிரித்தால் 5.10, தாளும் டோனரும் 4.50, பக்கத்துக்கு 9.60 செலவு, 7 ரூபாவுக்குக் கொடுத்தால் நட்டம் என்று அனுப்பியிருப்பேன்.

அது பிழை. அந்த ஓடர் வந்தாலும் வராவிட்டாலும் வாடகையும் சம்பளமும் அப்படியேதான் இருக்கும். புதிதாகக் கூடும் செலவு 4.50 மட்டும். 7 இல் அதைக் கழித்தால் 2.50, பத்தாயிரம் பக்கத்துக்கு 25,000 மேலதிகமாக வரும். ஆகா என்று பாயவும் வேண்டாம், இன்னும் மூன்று கேள்வி இருக்கிறது. மெசின் பக்கக் கணக்கில்தான் தேயும், ஒன்றரை மடங்கு ஓடினால் நான்கு வருடம் மூன்றுக்கும் கீழே இறங்கும். இரண்டு மாதக் கடன் கேட்டால் தாளுக்கும் டோனருக்கும் 90,000 ரூபா என் கையில் இருந்து முன்கூட்டியே போகும், அது இருக்கிறதா? மூன்றாவதுதான் ஆபத்து. திருமலை சின்ன ஊர், பின்னேரம் கடற்கரையில் எல்லோரும் எல்லோரையும் சந்திப்பார்கள். மற்ற ஆசிரியர்களும் 7 ரூபா கேட்டால் பழைய 20,000 பக்கத்தில் பக்கத்துக்கு 3 ரூபா வீதம் 60,000 போய்விடும்.

கடைசியில் இரு பக்கமும் அடிக்கும் டியூட்டுக்கு மட்டும், காசு முன்பணம், அவசரமில்லாமல் காலையில் மெசின் சும்மா இருக்கும் நேரத்தில் என்று 7.50 க்கு ஒத்துக்கொண்டேன். இரு பக்க அடிப்பில் தாள் பாதிதான் போகும், பக்கத்துக்குச் செலவு 3 ரூபா.

வருடம் முழுக்க ஓடாத தொழில்கள்

மச்சான் உப்புவெளியில் நாலு அறை வைத்து வெளிநாட்டாருக்கு விடுகிறார். நம்முடைய கரையில் சீசன் ஏப்ரல், மே தொடங்கி செப்டெம்பர் வரை, நவம்பரில் வடகீழ்ப் பருவமழை வந்தால் கடலும் கொந்தளிக்கும், அறையும் காலி. ஒரு ஆகஸ்ட்டில் அறை எல்லாம் நிறைந்திருந்த சந்தோசத்தில் வான் ஒன்றை லீசிங்கில் எடுத்தார். "மச்சான், இந்த மாதம் வந்த காசைப் பாரடா" என்றார். லீசிங் தவணை பன்னிரண்டு மாதமும் வரும், ஆகஸ்ட் ஒரு தடவைதான் வரும். டிசம்பரில் வானை விற்கப் பேசிக்கொண்டிருந்தார்.

இப்படியான தொழிலுக்கு மாதக் கணக்கு மட்டும் பார்த்தால் ஏமாற்றும். ஒரு தாளில் பன்னிரண்டு நிரல் போட்டு ஒவ்வொரு மாதமும் வரக்கூடிய காசு, போகவேண்டிய காசு இரண்டையும் முன்கூட்டியே எழுதுங்கள். மழை மாதங்கள் எத்தனை ரூபா பள்ளம் என்று தெரிந்தால் சீசனில் அந்தத் தொகையை ஒதுக்கிவிடலாம். இன்னும் இரண்டு விசயம்: மார்ச்சில் வாங்கும் ஜூலை அறைக்கான முற்பணம் வருமானம் இல்லை, ஆள் வந்து தங்கும்வரை அது திருப்பிக் கொடுக்க நேரக்கூடிய பொறுப்பு. இணையத் தளம் கமிசனை வெட்டிக்கொண்டு அனுப்பும் காசை அப்படியே வருமானம் என்று எழுதாமல், முழு அறை வாடகையை வருமானமாகவும் கமிசனைச் செலவாகவும் எழுதுங்கள். அப்போதுதான் அந்தத் தளத்துக்கு வருடத்துக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று தெரியும்.

புத்தகத்து இலாபமும் 2022 உம்

2022 மார்ச் தொடக்கம் வரை டொலர் 200 ரூபா சொச்சம், மே மாதம் 360 அளவுக்குப் போய்விட்டது. தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்த காலம். அப்போது பழைய விலைக்கு வாங்கிய சாமான் வைத்திருந்தவர்களுக்குப் புத்தகத்தில் நல்ல இலாபம். 200 ரூபாவுக்கு வாங்கிய நூறு கொப்பியை 260 க்கு விற்றால் 6,000 இலாபம் என்று எழுதலாம், ஆனால் மறுபடி வாங்கப் போனால் விலை 330 என்று வையுங்கள், கையில் இருக்கும் 26,000 க்கு 78 கொப்பிதான் வரும். இலங்கைக் கணக்கீட்டு நியமப்படி முதலில் வந்தது முதலில் போகிறது என்றோ சராசரி விலையிலோதான் சாமானை மதிப்பிடுகிறோம், இரண்டிலும் பழைய விலை கலந்தே இருக்கும். ஆகவே விலை ஓடும் காலத்தில் விற்பனை விலையை வைக்கும்போது வாங்கின விலையைப் பார்க்காமல் மறுபடி வாங்கப்போகும் விலையைப் பாருங்கள்.

எங்கே படிப்பது, எப்போது தொடங்குவது

பணம் கட்டி வகுப்புக்குப் போகும்முன் 10, 11 ஆம் தர வணிகக் கல்வியும் கணக்கீடும் பாடநூலை எடுங்கள், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாக இறக்கலாம். வீட்டில் யாராவது பிள்ளை படித்த பழைய பிரதி பெட்டிக்குள் கிடந்தால் அதுவே போதும். காசேடு, வங்கிக் கணக்கிணக்கம் (வங்கிக் கூற்றுடன் ஒப்பிடுவது), வருமானக் கூற்று (இலாபக் கணக்கு) வரும் அலகுகளை மட்டும் முதலில் படித்து, ஒவ்வொரு பயிற்சிக்கும் பதிலாக உங்கள் கடை இலக்கத்தைப் போடுங்கள்.

முதல் மாதம் காசேடு மட்டும். இரண்டாம் மாதம் கடன் கொப்பி. மூன்றாம் மாதக் கடைசியில் இலாபக் கணக்கு, அதன்பின் காசுப் பாய்ச்சல். எக்செல் பிடித்தால் நான்காம் மாதம் மாறுங்கள். நமது வரி ஆண்டு ஏப்ரல் 1 இல் தொடங்கி மார்ச் 31 இல் முடிகிறது, சித்திரைப் புதுவருடத்துக்குப் புதுக்கணக்கு எழுதும் வழக்கமும் இருக்கிறது, ஆகவே மார்ச் கடைசியில் தொடங்குவது வசதி. முடியாவிட்டால் வருகிற போயா நாளில் தொடங்குங்கள்.

அன்றைக்குக் கடையைப் பூட்டிக்கொண்டு இன்னொருவரையும் கூட வைத்து ஒவ்வொரு ராக்கையாக எண்ணி, விற்பனை விலையில் இல்லாமல் கொள்விலையில் எழுதுங்கள். ஒருவர் எண்ண மற்றவர் எழுதவேண்டும், இருவரும் எண்ணினால் இரண்டு இலக்கம் வரும். தூசு பிடித்து, நனைந்து, இனி விலைபோகாது என்று தெரிந்ததைத் தனியாக வைத்து எவ்வளவுக்குப் போகுமோ அந்த விலையைப் போடுங்கள். நான் எண்ணியபோது, இரண்டு வருடத்துக்கு முன் விற்றுவிட்ட மெசினுக்குரிய டோனர் ஐந்து, பெட்டி உடைக்காமல், மேல் ராக்கையில் இருந்தது.